மலையேறும் துப்பாக்கி எத்தனை கிலோ இருக்கலாம்?

நான்கு நாள் நடைக்குக் கிளம்புவதற்கு முந்தைய இரவு, கை சும்மா இருக்காமல் துப்பாக்கியைத் தராசில் ஏற்றினேன். வாங்கும்போது அட்டையில் 3.4 கிலோ என்று போட்டிருந்தது. தராசு 4.84 காட்டியது. தராசுதான் பழுது என்று நினைத்து ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்துச் சரிபார்த்தேன். தராசு ஒழுங்காகத்தான் இருந்தது.

கணக்கு எளிது. வெறும் ரைஃபிள் 3.4 கிலோ. அதன்மேல் குறிபார்க்கும் தொலைநோக்கியான பெரிய ஸ்கோப் 680 கிராம். அதைப் பிடித்து நிற்கும் எஃகு வளையங்களும் அடித்தகடும் 190. தோல் வார் 140. முன்னால் மடக்கி வைக்கும் இருகால் தாங்கியான பைபாட் 330. உள்ளே நான்கு தோட்டாக்கள், நூறு கிராமுக்குச் சற்று மேல். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வாங்கியபோது எதுவும் கனமாகத் தெரியவில்லை. மொத்தமாகப் பார்த்தால் ஒன்றரைக் கிலோ ஏறியிருந்தது. ஆகவே இந்தக் கட்டுரையில் 'எடை' என்று நான் சொல்லும்போதெல்லாம் எல்லாவற்றையும் மாட்டி, தோட்டா நிரப்பி, தோளில் தொங்கும் நிலையில் உள்ள எடையைத்தான் சொல்கிறேன். வெறும் எடையைச் சொல்ல வேண்டிய இடத்தில் அப்படியே குறிப்பிடுகிறேன்.

இது உரிமத்தோடும் அனுமதிச் சீட்டோடும் சட்டப்படி வேட்டையாடக்கூடிய இடங்களில், நாள்கணக்கில் நடந்து திரிகிறவர்களுக்கான கணக்கு. வண்டியில் போய் இறங்கி, பரணில் ஏறி உட்கார்ந்து சுடுபவருக்கு இதில் வேலையில்லை. அவர் ஐந்து கிலோ என்ன, ஆறு கிலோவும் வைத்துக்கொள்ளலாம்.

கால் கேட்கும் விலை, கை கேட்கும் விலை

எடை குறைந்த துப்பாக்கிக்காக வாதாடுபவர்கள் எல்லோரும் களைப்பைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் பேசியிருக்கிறேன். பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தபோது அந்த வாதத்தில் பாதி காற்றுப்போன பலூன் என்று தெரிந்தது.

ஒரு கிலோவை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏற்ற 9.8 கிலோஜூல் வேலை தேவை. மனிதத் தசை, தான் எரிக்கும் ஆற்றலில் ஏறத்தாழ கால்பங்கைத்தான் வேலையாக மாற்றும் என்பதால், உடல் செலவழிப்பது 40 கிலோஜூல். அதாவது பத்துக் கிலோகலோரிகூட இல்லை. அரை ஸ்பூன் சர்க்கரை! இன்னொரு வழியிலும் பார்க்கலாம். 70 கிலோ உடம்பு, 18 கிலோ முதுகுப்பை. இதோடு சேரும் ஒரு கிலோ என்பது மொத்தத்தில் நூற்றில் ஒன்று சொச்சம். பத்து மணி நேர நடையில் அதனால் தாமதமானாலும் ஆறேழு நிமிடம்தான் ஆகும்.

அப்படியானால் மாலையில் தோள் ஏன் கழன்று விழுவதுபோல் வலிக்கிறது? எடை எங்கே இருக்கிறது என்பதுதான் காரணம். முதுகோடு ஒட்டி, இடுப்பில் இறங்கும் சுமை மலிவு. கையில் தூக்கும் சுமை கனத்தையும் வேகத்தையும் பொறுத்து அதைப்போல் இரண்டு மடங்கு வரை ஆற்றலைக் கேட்கும். காலில் கட்டிய சுமை நான்கிலிருந்து ஆறு மடங்கு கேட்கும். இது ராணுவங்கள் சிப்பாய்களை நடக்கவிட்டு, அவர்கள் இழுக்கும் மூச்சை அளந்து கண்ட விஷயம். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. ஒவ்வொரு காலணியிலும் நூறு கிராம் குறைத்தால், முதுகில் ஒரு கிலோ குறைத்ததற்குச் சமம். கார்பன் இழை சுற்றிய குழலுக்குப் பெரும்பணம் கொட்டிவிட்டு, செங்கல் கனத்தில் பூட்ஸ் போட்டுக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். நானும் ஒரு பருவம் அப்படித்தான் நடந்தேன்.

துப்பாக்கிக்கு மட்டும் உள்ள சிக்கல் இதுதான்: அது முதுகுப்பைக்குள் அடங்காத சுமை. ஒற்றைத் தோளில் தொங்கி ஒரு பக்கம் இழுக்கும். வார் நழுவும், அதை ஏற்றிவிட ஒரு கை எப்போதும் மேலேயே இருக்கும். புதருக்குள் நுழைந்தால் குழல் கிளையில் மாட்டும். சரிவில் இறங்கும்போது பக்கவாட்டில் ஆடி முட்டியைச் சோதிக்கும். விலங்கு அருகில் இருக்கலாம் என்று தோன்றும் கடைசி ஒரு மணி நேரம், முழுவதும் கையிலேயே இருக்கும். நாள் முழுவதும் சுமந்ததில் களைப்பு பெரிதாக இல்லாவிட்டாலும், அந்தக் கடைசி மணி நேரத்தில் 4.8 கிலோவுக்கும் 3.5 கிலோவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் முன்கைத் தசையில் தெரியும். சுடப்போவது அந்தக் கையால்தான்.

மறுபக்கம்: உதைப்பு

குழலிலிருந்து குண்டும் மருந்து வாயுவும் முன்னால் பாயும் உந்தமும் துப்பாக்கி பின்னால் வரும் உந்தமும் சமம். தோட்டா ஒன்றேயாக இருந்தால், துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதைப்பின் ஆற்றல் அதே விகிதத்தில் ஏறும். 180 கிரெய்ன் (ஏறத்தாழ 11.7 கிராம்) குண்டு கொண்ட, .30-06 என்ற சாதாரண ரைஃபிள் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். மருந்து வாயுவின் உந்தத்தையும் சேர்த்து நான் போட்ட கணக்கில், 4.5 கிலோ துப்பாக்கியில் உதைப்பு சுமார் 24 ஜூல். 3.6 கிலோவில் 30. 2.7 கிலோவில் 40. அதே 2.7 கிலோவில் .300 வின்செஸ்டர் மேக்னத்தை (மருந்து கூடுதலாக அடைத்த, வலுவான தோட்டா) வைத்தால் 58 ஜூல் வரும். குருவித் தலையில் பனங்காய் என்பார்களே, அதுதான் இது.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய அளவுகோல் உண்டு. பல்லாயிரம் பேருக்குக் கொடுக்கப்போகும் ரைஃபிளின் உதைப்பு 15 அடி-பவுண்டைத் தாண்டக் கூடாது என்று பிரிட்டிஷ் ராணுவக் கையேடு ஒரு காலத்தில் வரையறுத்தது. நம் கணக்கில் 20 ஜூல். சராசரி மனிதன் முகம் சுளிக்காமல் நாள் முழுதும் சுடக்கூடிய வரம்பு அது. வேட்டைக்காரன் நாள் முழுதும் சுடுவதில்லை என்பதால் முப்பது வரை போகலாம் என்பது என் கருத்து. அதற்குமேல் தாங்கிக்கொள்ளும் தோள்கள் இருக்கின்றன. தாங்குவது வேறு, கண்ணை மூடாமல் விசையை அழுத்துவது வேறு.

ஜூல் கணக்கும் முழுக்கதை இல்லை. பின்னால் வரும் வேகமும் சேர்த்தி. எடை குறைந்த துப்பாக்கி சட்டென்று குத்தும், கனத்தது மெதுவாகத் தள்ளும். ஆற்றல் சமமாக இருந்தாலும் தோளுக்கு இரண்டும் ஒன்றல்ல. பின்முனையில் ஒட்டும் ரப்பர் பட்டை, தலைச்சுமைக்காரரின் சும்மாடு மாதிரி: கனத்தைக் குறைக்காது, ஆனால் தொடும் இடத்தைப் பரப்பி, குத்துவதைத் தள்ளுவதாக மாற்றும். மெல்லிய துப்பாக்கி வாங்குபவர் எதில் கஞ்சத்தனம் பண்ணினாலும் இதில் பண்ண வேண்டாம்.

ஐந்து கிலோ முகாம்

வெறும் எடையே நான்கு கிலோவைத் தொட்டு, எல்லாம் மாட்டினால் ஐந்து, ஐந்தரை வரும் வகை. தடித்த குழல், சரிசெய்யக்கூடிய கன்னத்தாங்கி, 34 மில்லிமீட்டர் குழாய் கொண்ட ஸ்கோப். தொலைதூரப் போட்டிகளிலிருந்து வேட்டைக்குள் நுழைந்த மோஸ்தர் இது.

இதன் பெருமை உண்மையானது, மறுக்க மாட்டேன். கனமான பொருளை நடுங்கும் கை அசைக்கச் சிரமப்படும். மூச்சு வாங்கும்போதும் நெஞ்சு துடிக்கும்போதும் குறிக்கம்பி அவ்வளவாக ஆடாது. கனம் குழலின் முன்பக்கம் இருந்தால் இன்னும் நிதானமாக நிற்கும். படுத்து, பைபாட் ஊன்றி, 400 மீட்டருக்கு அப்பால் சுட வேண்டுமென்றால் இதை மிஞ்ச எதுவுமில்லை.

ஆனால் நடந்து வேட்டையாடுபவர் எத்தனை முறை படுத்துச் சுடுகிறார்? என் அனுபவத்தில் புல்லோ பாறையோ குறுக்கே நிற்கும். உட்கார்ந்து, முட்டியில் முழங்கை ஊன்றியோ, கைத்தடியில் சாய்த்தோதான் பெரும்பாலும் சுட்டிருக்கிறேன். நின்றபடி கனத்த துப்பாக்கியைத் தூக்கினால் முதல் ஐந்து விநாடி பாறை மாதிரி நிற்கும். பத்தாவது விநாடியில் கை நடுங்கத் தொடங்கும். விலங்கு திரும்பி நிற்கும்வரை காத்திருப்பதற்குள் அதன் சாதகம் முழுதும் போய்விடும்.

என் 4.84 கிலோ துப்பாக்கியோடு அந்த நான்கு நாளில் நடந்தது ஒரு வரியில்: மூன்றாம் நாள் மதியம் அதை முதுகுப்பையின் பக்கவாட்டில் கட்டிவிட்டேன், இருபது நிமிடம் கழித்து அறுபது மீட்டரில் மான் எதிர்ப்பட்டது, வாரின் முடிச்சை அவிழ்ப்பதற்குள் அது போய்விட்டது. கனம் என்னைத் தோற்கடித்தது களைப்பால் அல்ல. துப்பாக்கியைக் கையிலிருந்து இறக்கிவைக்க வைத்தது, அவ்வளவுதான்.

இறகு முகாம்

அடுத்த பருவம் நேர் எதிர்த் திசைக்கு ஓடினேன். வெறும் எடை இரண்டரைக் கிலோ, எல்லாம் சேர்த்து 3.1. இந்த வகையில் இன்னும் மெலிந்தவையும் இருக்கின்றன. கிம்பர் நிறுவனத்தின் மவுண்டன் அசென்ட் ரைஃபிள் வெறும் எடையில் 2.2 கிலோவை ஒட்டி வருகிறது. மெல்லிய குழல், அதில் நெடுக வரிப்பள்ளங்கள், தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும், எடை குறையக் குடைந்த போல்ட், கார்பன் இழை அல்லது கெவ்லார் கலந்த உடற்கட்டை. கையில் எடுத்தால் பொம்மையா என்று கேட்கத் தோன்றும்.

நான் செய்த தப்பு துப்பாக்கியில் இல்லை, தோட்டாவில். மெல்லிய துப்பாக்கிக்கு .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கினேன். கணக்குப்படி 50 ஜூல், பின்வரும் வேகம் விநாடிக்கு ஐந்தரை மீட்டருக்கு மேல். பயிற்சித் திடலில் எட்டாவது தோட்டாவோடு மூட்டை கட்டினேன். மறுவாரம் ஆறு. அதற்கடுத்த வாரம் போகாமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்தது. எடை குறைந்த மேக்னம் செய்யும் உண்மையான கெடுதல் இதுதான் என்று நினைக்கிறேன். தோளில் வரும் நீலம் இரண்டு நாளில் போய்விடும். ஆனால் ஆள் பயிற்சி செய்வதை நிறுத்திவிடுவான். ஒருமுறை நண்பர் எனக்குத் தெரியாமல் வெற்றுத் தோட்டாவை ஏற்றிக் கொடுத்தார். விசையை அழுத்தினேன், வெடிக்கவில்லை, ஆனால் குழல் முனை ஒரு சாண் கீழே குத்தியது. அடிக்கு முன்பே அழுகிற பிள்ளை மாதிரி.

உதைப்பைத் தவிர இன்னும் சில. விசையை இழுக்க ஒன்றரைக் கிலோ அழுத்தம் வேண்டுமென்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கிலோ துப்பாக்கிக்கு அது பொருட்டல்ல. இரண்டரைக் கிலோ துப்பாக்கிக்கு அது அதன் எடையில் பாதிக்கு மேல், அழுத்தும்போதே குறி விலகும். ஆகவே மெல்லிய துப்பாக்கிக்கு நல்ல, இலகுவான விசை கட்டாயம். ஒரு கிலோவை ஒட்டி இருந்தால் போதும். அதற்கும் கீழே இறக்கினால் குளிரில் விறைத்த விரலுக்கும் கையுறைக்கும் ஆபத்து.

மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும், மூன்று நான்கு தோட்டாவுக்குள் குறி இடம் மாறலாம் என்று பயமுறுத்துவார்கள். உண்மைதான், ஆனால் வேட்டையில் அது பெரிய குறையல்ல. அங்கே முதல் தோட்டா குளிர்ந்த குழலிலிருந்து போகிறது, இரண்டாவது தேவைப்பட்டால் உடனே போகிறது, மூன்றாவதற்கு விலங்கு நிற்காது. திடலில் மட்டும் பொறுமையாக, குழல் ஆறும்வரை காத்திருந்து சுட வேண்டும்.

நடுவில் கிடப்பது

வெறும் எடை 2.8 முதல் 3.2 கிலோ, எல்லாம் சேர்த்து 3.4 முதல் 3.9. பார்ப்பதற்கு எந்தக் கவர்ச்சியும் இல்லாத வகை. டிக்கா டி3எக்ஸ் லைட் 2.9 கிலோவை ஒட்டி இதில் வரும். இதே கணக்கில் வரும் பழைய மரக்கட்டை ரைஃபிள்கள் ஏராளம். லீவர் இழுக்கும் வின்செஸ்டர் 94-உம் வெறும் எடையில் மூன்று கிலோவைச் சுற்றித்தான். 1980களில் அமெரிக்கத் துப்பாக்கிப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர், எந்நேரமும் கையோடு வைத்துக்கொள்ளக்கூடிய 'ஸ்கவுட்' ரைஃபிள் என்று ஒரு இலக்கணம் வகுத்தார். ஸ்கோப்பும் வாரும் சேர்த்து, தோட்டா இல்லாமல், மூன்று கிலோ இருக்க வேண்டும், போனால் மூன்றரை, நீளம் ஒரு மீட்டருக்குள். அவர் கேட்ட தோட்டா .308, மேக்னம் அல்ல. எடையையும் தோட்டாவையும் ஒன்றாக முடிச்சுப் போட்டது எனக்கு இன்றும் சரியாகப் படுகிறது.

இப்போது என்னிடம் இருப்பது வெறும் எடை 2.9 கிலோ கொண்ட .308. ஸ்கோப் 360 கிராம், அலுமினிய வளையம் 90, நைலான் வார் 110, நான்கு தோட்டா நூறு. மொத்தம் 3.56. இதில் 150 கிரெய்ன் குண்டைச் சுட்டால் உதைப்பு 22 ஜூல். பழைய 4.84 கிலோ துப்பாக்கியில் .30-06 எவ்வளவு உதைத்தது என்று கணக்குப் போட்டேன். அதுவும் 22 ஜூல்!

ஒன்றேகால் கிலோவுக்கு மேல் குறைத்தும் தோளுக்கு ஏறத்தாழ அதே அடி. இரும்பைச் செதுக்கி வாங்கிய சாதகமல்ல இது. தோட்டாவின் அளவில் ஒரு படி இறங்கியதால் வந்தது. இன்னும் ஒரு படி இறங்கி 140 கிரெய்ன் குண்டு கொண்ட 6.5 கிரீட்மூர் தோட்டாவுக்குப் போனால், 2.7 கிலோ துப்பாக்கியே 24 ஜூலோடு நிற்கும். 4.5 கிலோ .30-06 உதைப்பது அவ்வளவுதான்.

"சின்னத் தோட்டா போதுமா?" என்று கேட்பார்கள். மான், மலையாடு அளவு விலங்குக்கு நியாயமான தூரத்தில் போதும். 1894-இல் வந்த 6.5×55 தோட்டா, ஸ்கேண்டிநேவியக் காடுகளில் குதிரை அளவு வளரும் மூஸ் மானை நூறாண்டுக்கு மேலாக வீழ்த்தி வருகிறது. அளவைவிடக் குண்டின் வகையும் அது படும் இடமும் முக்கியம். பயந்து சுட்ட மேக்னம் வயிற்றில் படும், நிதானமாகச் சுட்ட 6.5 நெஞ்சில் படும். காயத்தோடு ஓடிய விலங்கை இருட்டும்வரை தேடியவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

ஒரு விலக்கு உண்டு. திருப்பித் தாக்கக்கூடிய பெருவிலங்கு இருக்கும் இடத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அங்கே .375 ஹெச் அண்ட் ஹெச் போன்ற தோட்டாவும் அதைத் தாங்க நான்கு கிலோவுக்கு மேல் இரும்பும் வேண்டும். .600 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக் குழல்கள் ஏழு கிலோவைத் தொட்டன. துரை வெறுங்கையோடு முன்னால் நடக்க, துப்பாக்கி தூக்கி ஒருவர் பின்னால் வந்ததால்தான் அப்படிப்பட்ட எடைகள் சாத்தியமாயின. அவர் தோள் என்ன சொன்னது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

குறைக்கத் தகுந்த கிராம், தகாத கிராம்

எடை குறைப்பதென்று முடிவு செய்ததும் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது குழலை வெட்டுவது. வேட்டை ரைஃபிளின் குழல் முனை 15 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்தால், அங்கே ஒரு சென்டிமீட்டர் எஃகு பத்துக் கிராம்தான். ஐந்து சென்டிமீட்டர் வெட்டினால் ஐம்பது கிராம் மிச்சம், அதாவது இரண்டு தோட்டா. அதற்கு விலையாகக் குண்டின் வேகத்தில் விநாடிக்கு ஒரு பதினைந்து மீட்டர் போகும், வெடிச்சத்தமும் கூடும். நீளம் குறைந்து புதரில் மாட்டாமல் வருவது நல்ல காரணம். எடைக்காக மட்டும் என்றால் வீண்வேலை.

கார்பன் சுற்றிய குழலைப் பற்றியும் ஒரு மயக்கம் இருக்கிறது. அது அதே தடிமனுள்ள எஃகுக் குழலைவிட எடை குறைவு. ஆனால் மெல்லிய எஃகுக் குழலைவிடப் பெரும்பாலும் குறைவல்ல. தடித்த குழலின் விறைப்பு வேண்டும், கனம் வேண்டாம் என்பவருக்கு அது பொருந்தும். எடை மட்டும்தான் கவலை என்றால் மெல்லிய எஃகே போதும், செலவும் மிச்சம்.

உண்மையான கொழுப்பு மேலே, ஸ்கோப்பில் இருக்கிறது. 3-9×40 வகை (மூன்று முதல் ஒன்பது மடங்கு உருப்பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன்வில்லை) 350 முதல் 420 கிராம். 5-25×56 வகை ஒரு கிலோவை நெருங்கும். அரைக் கிலோவுக்கு மேல் வித்தியாசம், அதுவும் துப்பாக்கியின் உச்சியில், தோளில் தொங்கும்போது கவிழ்த்துவிடும் இடத்தில். 300 மீட்டருக்குள் சுடுபவருக்கு ஒன்பது மடங்கு உருப்பெருக்கம் தாராளம். விலங்கைத் தேட பைனாகுலர் இருக்கிறது. ஸ்கோப்பால் தேடுவது ஆள் யாரென்று தெரியாமலே அவர்மீது குழலை நீட்டுவதற்குச் சமம், அதைச் செய்யவே கூடாது. எஃகு வளையத்தை அலுமினியத்துக்கு மாற்றினால் நூறு கிராம் போகும். அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

பைபாட் எனக்கு வேண்டாம். கையில் ஏற்கெனவே இருக்கும் இரண்டு நடைக்கோல்களைக் குறுக்கே பிணைத்தால் உட்கார்ந்து சுட நல்ல தாங்கல். முதுகுப்பையைக் கழற்றிப் பாறைமேல் வைத்தால் அதைவிட நல்லது. திறந்த புல்வெளியில், நீண்ட தூரம் படுத்துச் சுடுபவருக்கு நான் சொல்வது பொருந்தாது.

சைலன்சர் பற்றி எனக்கே இரண்டு மனம். சட்டம் அனுமதிக்கும் இடங்களில் அது காதைக் காக்கும், உதைப்பையும் கணிசமாகக் குறைக்கும். ஆனால் 250 முதல் 500 கிராமும் ஒரு சாணுக்கு மேல் நீளமும் குழல் முனையிலேயே சேரும். மெல்லிய துப்பாக்கியில் மாட்டினால் முன்பாரம் கூடி நிதானமாகவே நிற்கும், தோளில் தொங்கும்போது மட்டும் தொல்லை. உதைப்பைக் குறைக்க இன்னொரு வழியாக, வாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் மசில் பிரேக் விற்கிறார்கள். எடை சொற்பம், பலன் பெரிது, சத்தமோ பயங்கரம். காதுக்கவசம் இல்லாமல் ஒரே ஒரு முறை சுட்டாலும் செவித்திறன் கெடக்கூடிய அளவு. வேட்டையில் எல்லோரும் கவசம் மாட்டிக்கொண்டா நடக்கிறோம்? பக்கத்தில் நிற்கும் துணைவனின் காதையும் நினைத்தால் அது எனக்குச் சரிப்படாது.

தோட்டாவின் எடையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. .308 ஒன்று சுமார் 24 கிராம், .300 மேக்னம் முப்பதுக்கு மேல். இருபது எடுத்தால் அரைக் கிலோ. நான் நான்கு நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு எடுக்கிறேன், எப்போதும் மிச்சம்தான் வருகிறது. ஒன்றிரண்டு கூடுதலாக வைப்பதற்குக் காரணம் வேறு: துப்பாக்கி கீழே விழுந்து ஸ்கோப் தட்டுப்பட்டால் குறியைச் சரிபார்க்க மூன்று தோட்டா தேவை.

சிதறுகுண்டுத் துப்பாக்கிக்காரர்களுக்கோ தோட்டாப் பைதான் முதல் சுமை. 32 கிராம் ஈயம் அடைத்த 12 போர் (குழல் விட்டத்தின் அளவு; எண் கூடினால் குழல் சிறிது) தோட்டா இருபத்தைந்து எடுத்தால் ஒரு கிலோவைத் தாண்டிவிடும். துப்பாக்கிக்கு அவர்களிடம் ஒரு பழைய ஆங்கிலேயக் கொல்லர் வாய்பாடு உண்டு: சுடும் ஈயத்தைப்போல் 96 மடங்கு துப்பாக்கி எடை. 28 கிராமுக்கு 2.7 கிலோ, 32-க்கு 3.1, 36-க்கு 3.5. நாள் முழுதும் பறவை தேடி நடப்பவர் 28 கிராம் ஈயமும் 20 போரும் எடுத்தால் துப்பாக்கியிலும் பையிலும் சேர்த்துக் குறைத்துவிடலாம். இங்கேயும் வழி அதுதான். முதலில் தோட்டாவைச் சிறிதாக்கு, இரும்பு தானாகக் குறையும்.

சுமக்கும் விதம்

முதுகுப்பையோடு துப்பாக்கியைக் கட்டினால் எடை இடுப்புக்குப் போய்விடும், இரு கைக்கும் கோல் கிடைக்கும், செங்குத்து ஏற்றத்துக்கு அதுவே பாதுகாப்பு. ஆனால் எடுக்க நேரமாகும், நான் பட்டது போதும். முதுகுப்பையின் தோள்பட்டியில் மாட்டி, துப்பாக்கியைப் பக்கவாட்டில் செங்குத்தாகத் தாங்கும் கொக்கிப் பட்டைகள் நல்ல நடுவழி. எடை பையின் சட்டத்துக்கு இறங்கும், ஒரு இழுப்பில் கைக்கு வரும். இதை மாட்டிய பிறகு அரைக் கிலோ குறைத்ததுபோல் இருந்தது, கிராம் ஒன்றுகூடக் குறையாமலே. ஏற்றத்திலும் ஓடை கடக்கும்போதும் குழலறையில் தோட்டா இருக்கக் கூடாது என்பது எந்த எடைக்கும் பொது.

வேட்டை கிடைத்துவிட்டால் இந்தக் கிராம் பேச்செல்லாம் அடிபட்டுப் போகும். பெரிய எல்க் மான் ஒன்றில் எலும்பு நீக்கிய இறைச்சியே எண்பது கிலோவைத் தாண்டும், அதை நடை நடையாகச் சுமந்து இறக்க வேண்டும். அன்று முதுகில் முப்பது கிலோ இருக்கும்போது துப்பாக்கி 3.1 கிலோவா 3.6 கிலோவா என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

அப்படியானால் யாருக்கு எது? நாளொன்றுக்கு ஆயிரம் மீட்டர் ஏறி இறங்கும் மலை வேட்டைக்கு 3.1 முதல் 3.5 வரை, ஆனால் 6.5 கிரீட்மூர், 7எம்எம்-08, .308 தாண்டக் கூடாது. மேடும் பள்ளமும் கலந்த காட்டில் நாள்கணக்கில் திரிபவருக்கு 3.5 முதல் 3.9, .30-06 வரை தாராளமாகப் போகலாம். மேக்னம்தான் வேண்டும் என்று மனது அடம்பிடித்தால் நான்கு கிலோவுக்கு மேல் வைத்துக்கொண்டு, நல்ல தோள்பட்டி வாங்கி, முனகாமல் நடக்க வேண்டும். கனத்துக்கும் மேக்னத்துக்கும் இடையே பேரம் பேச முயன்றவன் நான், எட்டுத் தோட்டாவில் முடிந்த கதையை மேலே சொல்லிவிட்டேன்.

வாங்குவதற்கு முன் ஒரு சோதனை. ஏற்கெனவே கையில் இருக்கும் துப்பாக்கியின் மொத்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். சுடுதளத்தில் பொறுப்பாளரின் அனுமதியோடு, துப்பாக்கியை மேசைமேல் திறந்த நிலையில் வைத்துவிட்டு, முதுகுப்பையோடு பக்கத்து மேட்டில் நாலு தடவை ஏறி இறங்கி வாருங்கள். மூச்சு அடங்கும்முன் உட்கார்ந்த நிலையில் ஐந்து தோட்டா, நூறு மீட்டரில். நண்பரின் துப்பாக்கி எடை வேறாக இருந்தால் மாற்றிக்கொண்டு மறுபடியும் ஏறி இறங்கி ஐந்து. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாங்கள் மூன்று பேர் இதைச் செய்தபோது ஐந்து கிலோக்காரர் ஐந்தையும் கையகலத்தில் போட்டார், நான் ஒன்றரைக் கையகலம். அவர் இப்போதும் ஐந்து கிலோவே சுமக்கிறார், என்னைவிடப் பத்து வயது இளையவர். மூன்றாமவர் மேக்னத்தோடு வந்திருந்தார், மூன்றாவது தோட்டாவோடு தண்ணீர் குடிக்கப் போனவர் திரும்பி வரவில்லை.